மூளை அழற்சியும் மூலிகைச் சாரங்களும்: உய்யக்கொண்டான் கரையிலிருந்து ஆய்வகம் வரை

மூளையில் ஏற்படும் நாள்பட்ட அழற்சி வெளியே தெரிவதில்லை. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், வலிக்கும். மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்புகளே இல்லை. அதனால் அங்கே ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி, நினைவுத் தடுமாற்றமாகவோ கை நடுக்கமாகவோ வெளிப்படும்வரை யாருக்கும் தெரியாமலே இருந்துவிடுகிறது. ஊர்ப்பக்கம் மூளைக்காய்ச்சல் என்று சொல்லப்படும் திடீர் அழற்சி வேறு. அது கிருமித் தொற்றால் சில மணி நேரத்தில் முற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது. அங்கே மூலிகைக்கு வேலையில்லை. மூலிகைச் சாரங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களோடு சேர்ந்து வரும் மெதுவான அழற்சியைப் பற்றியவை.

இந்த அழற்சியின் மையத்தில் இருப்பவை மைக்ரோகிளியா என்னும் செல்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா 1919-இல் இவற்றைத் தனி வகையாக அடையாளம் கண்டார். மூளைச் செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவை. கரு வளரும்போது கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறி, வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இறந்த செல்களை அகற்றுவது, வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பது, கிருமி நுழைந்தால் எதிர்ப்பது எல்லாம் இவற்றின் பொறுப்பு. தூண்டப்பட்டால் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 பீட்டா, நைட்ரிக் ஆக்சைடு முதலிய அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. இந்த உற்பத்தியைத் தொடக்கி வைப்பது செல்லுக்குள் இருக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம். சில நாள் நீடித்தால் இது பாதுகாப்பு. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் நடந்தால் அருகிலுள்ள நரம்புச் செல்களே சிதைகின்றன.

அழற்சி நோயின் விளைவுதானா, காரணங்களில் ஒன்றா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. மைக்ரோகிளியாவில் செயல்படும் டிரெம்-2 என்ற மரபணுவின் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2013-இல் தெரியவந்தபின், காரணங்களில் அழற்சிக்கும் பங்கு உண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நோயை முழுதாகத் தடுக்கும் மருந்து இல்லாத நிலையில், குடும்பங்கள் நாட்டு மருந்துக் கடையை நாடிப் போவது இயல்பே. அதனாலேயே இந்தச் சாரங்களைப் பற்றித் தெளிவாகப் பேசவேண்டிய கடமை ஆய்வாளர்களுக்கு இருக்கிறது.

திருச்சிப் பகுதிக்கு மூலிகை மருத்துவ மரபு புதிதல்ல. திருவரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது. சேதமடைந்த அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரி திருவுருவை நிறுவினார் என்று சக ஆண்டு 1415-ஐச் சேர்ந்த, அதாவது கி.பி. 1493-ஐ ஒட்டிய, கல்வெட்டு சொல்கிறது. அதற்கும் நான்கு நூற்றாண்டு முந்தைய வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் அங்கே இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் பெயர் பெயராகக் குறிக்கிறது. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிவைக்கும் ஒழுங்கு தமிழகத்தில் அவ்வளவு பழையது.

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து உறையூர் வழியே திருச்சி நகருக்குள் வரும் உய்யக்கொண்டான் போன்ற வாய்க்கால்களின் ஈரக்கரைகளும் வயல் வரப்புகளும் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் ஏற்ற இடம். வல்லாரை தரையில் ஓடும் கொடி. கணுவுக்குக் கணு வேர் விடும். இலை சிறுநீரக வடிவில், காம்பு சேரும் இடத்தில் ஆழமாகப் பிளந்திருக்கும். நீர்ப்பிரமியின் இலை சிறியது, தடித்தது, காம்பில்லாதது. பூ வெண்மையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும். வாயில் இட்டால் நல்ல கசப்பு. முன்னது கொத்தமல்லியின் உறவுச்செடி, பின்னது முற்றிலும் வேறு குடும்பம். ஆனால் பிரமி என்ற பெயரில் இரண்டும் விற்கப்படுகின்றன. போதாக்குறைக்கு, வட்ட இலையின் நடுவில் காம்பு ஒட்டியிருக்கும் ஹைட்ரோகாட்டைல் என்ற அழகுச்செடியும் பூந்தொட்டிகளில் வல்லாரையாக வலம் வருகிறது. மூன்றின் வேதிப்பொருள்களும் வெவ்வேறு. எந்தச் செடி என்பதே உறுதியாகாத ஆய்வின் முடிவை எவ்வளவு நுட்பமான கருவியாலும் காப்பாற்ற முடியாது.

அந்த உறுதியைத் தரும் இடம் உறையூருக்குக் கிழக்கே, மலைக்கோட்டையை அடுத்துள்ள தூய வளனார் கல்லூரியில் இருக்கிறது. அங்குள்ள ராபினாட் உலர்தாவரகம் 1967-இல் அருட்தந்தை கே. எம். மேத்யூவால் தொடங்கப்பட்டது. 1980-களில் பல தொகுதிகளாக வெளிவந்த அவருடைய தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவர நூல், இன்றும் இப்பகுதிச் செடிகளுக்கு அடிப்படை நூல். உலர்தாவரகத்தின் தாள் ஒன்றில் பூவோடும் வேரோடும் அழுத்தி உலர்த்திய செடி ஒட்டப்பட்டிருக்கும். சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், வரிசை எண் ஆகியவை கீழே இருக்கும். தமிழகக் கல்லூரிகளிலிருந்து வெளியாகும் மூலிகை ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில், செடி இங்கே அடையாளம் காணப்பட்டது என்ற ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரி இருக்கும் கட்டுரையை மட்டுமே பிறர் திரும்பச் செய்து சரிபார்க்க முடியும். ஆய்வின் மிக முக்கியமான வரி அதுவே என்றாலும் தவறில்லை.

அடுத்தது ஆய்வகம். செடியை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து அல்லது சாக்ஸ்லெட் கருவியில் சுழற்றி, கரைப்பானை ஆவியாக்கினால் அடியில் பிசினாக மிஞ்சுவது சாரம். இதைச் சோதிக்க, சுண்டெலியின் மூளைச் செல்களிலிருந்து 1990-இல் உருவாக்கப்பட்ட பிவி-2 என்ற மைக்ரோகிளியா வரிசையைப் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த நச்சை ஊற்றினால் அவை கொதித்தெழும். ஒரு நாள் கழித்து கிரீஸ் கரைசலைச் சேர்த்தால், நைட்ரிக் ஆக்சைடு உண்டாகியிருந்த குழிகள் இளஞ்சிவப்பாகும். சாரம் முன்பே இட்ட குழிகளில் அந்நிறம் வெளிறினால், அழற்சி குறைந்தது என்று பதிவாகிறது. இதில் பொறிகள் உண்டு. சாரத்தின் நச்சுத்தன்மையால் செல்கள் செத்துப்போனாலும் நிறம் வெளிறும். சாரத்தின் சொந்த நிறமே அளவீட்டைக் குழப்பலாம். செல்கள் உயிரோடு இருந்தன என்பதைத் தனிச் சோதனையால் காட்டாத முடிவை நம்புவதற்கில்லை.

நீர்ப்பிரமி இத்தகைய சோதனைகளில் தேறிய செடி. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவன வேதியியலாளர்கள் 1963-இல் இதிலுள்ள சேப்பானின் என்னும் வேதிப்பொருள்களைப் பிரித்து பாகோசைடு என்று பெயரிட்டார்கள். 2017-இல் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழக ஆய்வு, இச்செடியின் சாரங்களும் பாகோசைடு-ஏ என்ற கூட்டுப்பொருளும் மைக்ரோகிளியா செல்களிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் இன்டர்லூகின்-6-உம் வெளிவருவதைக் குறைத்ததைக் காட்டியது. மனிதரிடம் நடந்த சோதனைகளும் உண்டு. 518 பேரைக் கொண்ட 9 சோதனைகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, கவனத்தின் வேகம் ஓரளவு கூடுவதைக் கண்டது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாரம். பலன் தெரிய 12 வாரங்கள்வரை ஆனது. அச்சோதனைகள் அளந்தது கவனத்தையும் நினைவையும்தான். மனித மூளையில் அழற்சி தணிந்ததா என்பது அவற்றின் கேள்வியாகவே இல்லை.

வல்லாரையின் கதை மூளையின் எல்லைக்காவலில் தொடங்குகிறது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள செல்கள் இறுக்கமாகப் பிணைந்து, இரத்தத்தில் உள்ள பெரும்பாலானவற்றை உள்ளே விடுவதில்லை. மூலக்கூறு எடை 500-க்கு மேல் போனால் நுழைவது மிகவும் கடினம். வல்லாரையின் முதன்மைப் பொருளான ஆசியாட்டிகோசைடின் எடை 959. ஆனால் அதிலிருக்கும் சர்க்கரைப் பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் வெட்டியெடுத்தபின் மிஞ்சும் ஆசியாட்டிக் அமிலத்தின் எடை 489 மட்டுமே. அப்படியென்றால் மூளைக்குள் போகக்கூடியது வல்லாரையில் இருந்த பொருள் அல்ல, உண்டவர் குடல் அதிலிருந்து செய்த பொருள். குடல் பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. ஒரே கீரை ஒருவருக்குப் பலன் தந்து மற்றவருக்குத் தராமல் போக இது ஒரு காரணமாகலாம். தட்டில் வளரும் செல்கள்மேல் ஆசியாட்டிகோசைடை நேரே ஊற்றிப் பெறும் முடிவுக்கு இதனால் மதிப்புக் குறைகிறது.

அமுக்கராவைப் பற்றிய ஆய்வுகளில் மிகவும் சிந்திக்கவைப்பது, மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் செய்து 2012-இல் வெளியிட்டது. அல்சைமர் மாற்றங்கள் உண்டாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு அமுக்கரா வேர்ச்சாரத்தை 30 நாள் கொடுத்தபோது அவற்றின் நினைவும் நடத்தையும் தேறின, மூளையில் படிந்த அமிலாய்டு என்ற புரதம் குறைந்தது. காரணத்தைத் தேடியபோது விடை மூளையில் கிடைக்கவில்லை. கல்லீரலில் எல்ஆர்பி என்ற ஏற்பிப் புரதம் பெருகி, இரத்தத்திலிருந்த அமிலாய்டை இழுத்து அகற்றியதால் மூளையிலிருந்தும் அது வெளியேறியிருந்தது. மூளைக்கான மூலிகை என்றால் மூளைக்குள் நுழைந்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தை மாற்றிய ஆய்வு இது. தமிழகத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நிலை உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில் அமுக்கரா இலைச்சாரம் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைத்ததை 2009-இல் வெளியிட்டனர். மத்திய ஆயுஷ் அமைச்சகமோ 2021-இல், வேருக்குத்தான் மரபுச் சான்றும் ஆய்வுச் சான்றும் போதிய அளவில் உண்டு என்று சொல்லி, இலையைத் தவிர்க்கும்படி உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. சித்த மருத்துவர்கள் எடுப்பதும் கிழங்கைத்தான். அதையும் பாலில் பிட்டவியலாக அவித்து உலர்த்திய பிறகே சூரணம் செய்கிறார்கள்.

மஞ்சளைப் பற்றிய நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது, ஏமாற்றமும் பெரியது. மஞ்சளில் 2 முதல் 5 விழுக்காடுவரை இருக்கும் குர்குமினின் கட்டமைப்பு 1910-இல் தெரிந்துவிட்டது. 2001-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் அல்சைமர் சுண்டெலிகளுக்குக் குறைந்த அளவு குர்குமின் ஊட்டியபோது, இன்டர்லூகின்-1 பீட்டாவும் அமிலாய்டு படிவும் குறைந்தன. தட்டில் அது என்எஃப்-கப்பா-பியைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் ஹாங்காங்கில் 34 நோயாளிகளிடம் ஆறு மாதம் நடந்த சோதனையிலும் (2008), அமெரிக்காவில் 36 பேரிடம் நடந்த சோதனையிலும் (2012) நோயின் போக்கு மாறவில்லை. வாய்வழி உண்ட குர்குமினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் கலக்கிறது; அதையும் கல்லீரல் விரைந்து மாற்றிவிடுகிறது. மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் குர்குமின் உட்கவரப்படுவது 20 மடங்கு கூடுவதை 1998-இல் பெங்களூர் ஆய்வு ஒன்று காட்டியது. மறதிநோய் வராத 40 பேரைக் கொண்ட 2018-ஆம் ஆண்டுச் சோதனையில், எளிதில் உட்கவரப்படும் வடிவில் குர்குமினை 18 மாதம் உண்டவர்களின் நினைவாற்றல் சற்று உயர்ந்தது. நாற்பது பேர் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குழம்பில் போடும் மஞ்சள் இந்தியர்களை மறதிநோயிலிருந்து காக்கிறது என்ற வாதத்துக்கு, மேலே சொன்ன 88 லட்சம் என்ற எண்ணே போதிய மறுப்பு.

உட்கவர்தலைக் கூட்டினால் தீங்கும் கூடும் என்பதையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஆய்வு 10 பேருக்கு வந்த கல்லீரல் பாதிப்பை மஞ்சள் மாத்திரைகளோடு தொடர்புபடுத்தியது; சிலவற்றில் மிளகுச் சாரமும் இருந்தது. அமுக்கரா மாத்திரைகளாலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023-இல் அமுக்கராவை உணவுப்பொருளில் சேர்க்கத் தடை விதித்தது.

ஒரு செடி நரம்பு நோய்க்கு உண்மையான சிகிச்சையாக எப்படி மாறுகிறது என்பதற்குத் தமிழகமே ஒரு பழைய சான்றைத் தருகிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோப்பாவைப் பிரித்தெடுத்தார்கள். எல்-டோப்பாவிலிருந்து மூளை செய்துகொள்ளும் டோபமைன் பார்க்கின்சன் நோயில் குறைகிறது என்பது 1960-ஐ ஒட்டித்தான் தெரிந்தது. 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் எல்-டோப்பா அடங்கிய டிஎல்-டோப்பாவை அதிக அளவில் கொடுத்து நோயாளிகளை நடமாட வைத்தார். பூனைக்காலியின் இந்த வேலை அழற்சியைத் தணிப்பதல்ல, குறைந்த பொருளை ஈடுசெய்வது. ஆனால் பாதை தெளிவானது: பொருள் பிரிக்கப்பட்டது, நோயில் குறைவது எது என்று கண்டறியப்பட்டது, அளவு நிர்ணயிக்கப்பட்டது. அழற்சிக்கான மூலிகைகளில் இந்த மூன்றும் இன்னும் ஒன்று சேரவில்லை.

அழற்சியைத் தணிக்கும் பொருள்கூட நோயாளியிடம் பலன் தராமல் போகலாம் என்பதற்கு உறையூரின் பெயரோடு ஒட்டிய புகையிலை ஒரு சான்று. ஒருகாலத்தில் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு கடல் கடந்து விற்றது. புகைப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருவது பல ஆய்வுகளில் தெரிந்தது. நிக்கோடின் ஆல்ஃபா-7 ஏற்பியின் வழியே அழற்சியைத் தணிப்பதும் 2003-இல் விளக்கப்பட்டது. தட்டும் எலியும் புள்ளிவிவரமும் ஒரே திசையைக் காட்டிய அரிய நிலை அது. ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஓராண்டு நிக்கோடின் ஒட்டுப்பட்டை கொடுத்த சோதனை 2023-இல் வெளியானபோது, நோய் மெதுவாகவில்லை என்றே முடிவு வந்தது. புகைப்பதால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வரும் கேடு பற்றி யாருக்கும் ஐயமில்லை.

நவீன மருந்துகளும் இதே இடத்தில்தான் தடுக்கின. அழற்சியைத் தணிக்கும் வலிமாத்திரைகளை நீண்டகாலம் உண்டவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்ததை ராட்டர்டாம் ஆய்வு 2001-இல் காட்டியது. அதை நம்பி நேப்ராக்சனையும் செலிகாக்சிப்பையும் முதியவர்களுக்குக் கொடுத்த சோதனை 2004-இல் பாதியில் நிறுத்தப்பட்டது, பலனும் தெரியவில்லை. மைக்ரோகிளியாவை அடக்கும் மினோசைக்ளினை 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டாண்டு சோதித்த பிரிட்டன் ஆய்வும் 2020-இல் தோல்வியையே அறிவித்தது. காலம் தவறியதே முக்கியக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். நோய் முற்றியபின் மைக்ரோகிளியாவை ஒட்டுமொத்தமாக அடக்கினால், அவை செய்யும் துப்புரவு வேலையும் நின்றுபோகிறது. மூலிகைச் சாரங்கள் மென்மையானவை, அதனால் இவ்விடர் அவற்றுக்கு இராது என்று சொல்வது ஊகம்தான்.

அளவுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். எலிகளில் நல்ல பலன் தந்ததாக எழுதப்படும் அளவு பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம். வழக்கமான முறைப்படி அதை 6.2-ஆல் வகுத்தால் 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நாளொன்றுக்கு 1.9 கிராம் சாரம் வருகிறது. பத்து கிராம் உலர்ந்த செடி ஒரு கிராம் சாரம் தருவதாகக் கொண்டால், தினமும் 19 கிராம் பொடி. வாரம் ஒருமுறை துவையல் அரைப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

செடி வளர்ந்த மண்ணும் நீரும் கணக்கில் வரவேண்டும். நீர்ப்பிரமி நீரிலுள்ள தாமிரம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் இந்த இயல்பைத் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். காட்மியமும் ஈயமும் மூளை அழற்சியைத் தூண்டுபவை. நகரக் கழிவுநீர் கலக்கும் உய்யக்கொண்டான் போன்ற வாய்க்காலில் பறித்த செடி, தணிக்க வேண்டிய அழற்சியையே கூட்டக்கூடும். இந்திய விதிகளின்படி மூலிகை மருந்தில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கும், காட்மியம் 0.3 பங்குக்கும் மேல் இருக்கக்கூடாது. கரையில் பறித்துவரும் கீரைக்கு அந்தச் சோதனை நடப்பதில்லை.

இந்த நிலையில் செய்யவேண்டியது என்ன என்பது தெளிவாகவே தெரிகிறது. செல் தட்டிலும் எலியிலும் இன்னொரு நூறு கட்டுரை வருவதால் நோயாளிக்குப் பயனில்லை. உலர்தாவரக எண் இட்ட ஒரே செடி, சுத்தமான நீரில் வளர்த்தது, பாகோசைடோ ஆசியாட்டிக் அமிலமோ எவ்வளவு என்று அளந்த சாரம், மறதியின் தொடக்கநிலையில் இருக்கும் சில நூறு பேர், இரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளின் அளவீடு, குறைந்தது ஓராண்டுக் காலம்: இப்படி ஒரு சோதனை வேண்டும். செடியை அடையாளம் காண உலர்தாவரகமும், நோயாளிகளைப் பார்க்க அரசு மருத்துவக் கல்லூரியும், பகுப்பாய்வுக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் திருச்சியிலேயே இருக்கின்றன. பதிவு செய்ய, 2007 முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. சித்த மருத்துவர்களும் நரம்பியல் மருத்துவர்களும் ஒரே சோதனையில் சேர்ந்து உட்காரவேண்டும்.

அதுவரை, மூலிகை மாத்திரையோ சூரணமோ எடுத்துக்கொள்பவர்கள் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் மாத்திரை இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடும், அமுக்கரா தைராய்டு மாத்திரையோடும் தூக்க மாத்திரையோடும், பூனைக்காலி பார்க்கின்சன் மருந்தோடும் மோதக்கூடும். வல்லாரை கீரையாக உண்ணத் தக்கதே. மூளை அழற்சியை அது மனிதரிடம் தணிக்கிறது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை.